அம்மன் பாட்டு, இரண்டாம் பக்கம்

1978 பிப்ரவரி 6, திங்கள்

எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு இன்று விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. மலேசியக் கல்வி இலாகா வேனில் வந்தது. டிரைவர் இறக்கி வைத்தான், நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினான், போய்விட்டான். பெரிய டெலிவிஷன். இனி பிள்ளைகள் அதைப் பார்த்துப் படிக்க வேண்டுமாம்.

ஒரே ஒரு சிக்கல். தோட்டத்தில் பகலில் கரண்ட் கிடையாது. இஞ்சின் போடுவது சாயங்காலம் ஆறு மணிக்கு. பள்ளி விடுவது மதியம் ஒரு மணிக்கு. இதைத் தலைமையாசிரியர் பெத்தபெருமாளிடம் சொன்னேன். மனிதர் அசரவில்லை.

"கரண்ட் ஒரு நாளைக்கு வரும் டீச்சர். அது வரும்போது பொட்டி ரெடியா இருக்கணும்லா."

பன்னிரண்டு வருடமாக ஒழுகும் கூரையைப் பற்றி எழுதிப் போடுகிறோம். மழையில் நனையாமல் டெலிவிஷனை எங்கே வைப்பது என்பதுதான் இன்று முழுக்க பேச்சு. கடைசியில் ஒழுகாத ஒரே மூலைக்கு அதைக் கொண்டுபோனோம். அங்கே உட்கார்ந்திருந்த முதலாம் வகுப்பை ஒழுகும் பக்கம் நகர்த்தினோம்.

பிப்ரவரி 9

டெலிவிஷனுக்குத் திரை தைத்தாகிவிட்டது, சந்தனம் குங்குமமும் வைத்தாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் அதைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 20

இரண்டாவது தவணை விஞ்ஞானம்: டேப் ரெக்கார்டர். இதற்குக் கரண்ட் வேண்டாம், பேட்டரி போதும். கூடவே ஒரு சுற்றறிக்கை. பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும், உச்சரிப்பைத் திருத்த வேண்டும், நல்ல பதிவை ஈப்போ கல்வி இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். கருவிகளைச் சிறப்பாகப் பயன்படுத்தும் பள்ளிக்கு நற்சான்றிதழ் உண்டு. பெத்தபெருமாள் சார் அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று முறை வாசித்தார்.

மெஷின் கொடுத்தவர்கள் வெற்று கேசட் கொடுக்கவில்லை. தியாகம் செய்ய நான்தான் இருக்கிறேனே. போன மாதம் ஈப்போ பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய அம்மன் பாட்டு கேசட்டைக் கொண்டு போனேன். அதன் முதுகிலிருந்த ஓட்டையில் காகிதம் ஒட்டினால் மேலே பதியலாம் என்று தம்பி முருகப்பன் சொல்லிக் கொடுத்தான். லாயர் ஆபீசில் கிளார்க் வேலை பார்ப்பவன். சட்டம் தெரிந்தவன் சொல்லிக் கொடுத்தால் சட்டப்படிதானே இருக்கும்? கேசட்டே திருட்டு நகல், பதிந்தவனும் பாடியவரைக் கேட்டிருக்க மாட்டான், விற்றவனும் கேட்டிருக்க மாட்டான். நான் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? முதல் பக்கத்துப் பாட்டை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்தில் பதிவதாக முடிவு. அம்மனிடம் மட்டும் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 28

ஐந்தாம் வகுப்பு. தலைப்பு: 'நான் எழுந்தது முதல் தூங்குவது வரை.'

மைக்கைப் பார்த்ததும் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் வாய் ஒட்டிக்கொண்டது. "நான் காலையில் எழுவேன். பல் துலக்குவேன். இறைவனை வணங்குவேன்." எல்லாரும் இதையே சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் அப்பா நாளிதழ் படிப்பார். இந்தத் தோட்டத்தில் எந்த அப்பா காலையில் நாளிதழ் படிக்கிறார்?

எனக்கு எரிச்சல் வந்தது. மெஷினை நிறுத்தி, நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றிவிட்டுச் சொன்னேன்: "இது நமக்குள்ளதான். இந்த ரூமை விட்டு வெளியே போகாது. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிடுவேன்." மறுபடி பட்டனை அமுக்கினேன். "உண்மையைச் சொல்லுங்க."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருவன் அப்பா சம்சுச் சாராயம் குடித்துவிட்டு நாயோடு பேசுவதை நடித்தே காட்டினான். இன்னொருத்தி, ரீசசுக்குப் பிறகு பெரிய வாத்தியார் டெலிவிஷன் பெட்டியில் கால் வைத்துத் தூங்குவதைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

பிறகு இருளாயி வந்தாள். பால் வெட்டும் ராக்காயியின் மகள். அப்பா இல்லாத பிள்ளை. வகுப்பில் தினமும் முதல் பீரியடில் தூங்கி என்னிடம் திட்டு வாங்குகிறவள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"நான் நாலு மணிக்கு எந்திரிப்பேன். அம்மா கூட காட்டுக்குப் போவேன். நான்தான் லைட்டு பிடிப்பேன். பால் வடியுற மங்கு தொடப்பேன். மரத்துல காஞ்ச கோட்டுப்பால் உரிப்பேன். அம்மாவுக்கு வலது கண்ணு தெரியல. எங்கிட்ட சொல்லல. கத்தி தப்பான எடத்துல படும்போது எனக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. தனியா படுத்திருக்கப் பயமா இருக்கும்மா, நானும் வாரேன்னு சொல்லித்தான் கூடப் போறேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல. வேலை வாங்குற மண்டோருக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. வேலை போனா வீடு போயிரும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். ஏழு மணிக்கு ஓடியாந்து உடுப்பு மாத்திட்டு ஸ்கூலுக்கு வருவேன். அப்பறம் தூக்கம் வரும்."

மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்த மறந்துவிட்டேன். இந்தப் பிள்ளையையா நான் ஜனவரி முழுக்க பெஞ்சு மேல் நிற்க வைத்தேன்? உச்சரிப்பைத் திருத்தச் சொல்கிறது சுற்றறிக்கை. எதைத் திருத்த?

மார்ச் 3, வெள்ளி

அழிக்கவில்லை. பேட்டரி பலவீனமாக இருந்தது.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. இங்கே யாரிடம் பொய் சொல்கிறேன்? இன்னும் ஒரு முறை கேட்க ஆசை, அவ்வளவுதான்.

மார்ச் 15

பெத்தபெருமாள் சார் கேசட்டைப் போட்டுக் கேட்டார். தான் தூங்கும் பகுதியைக் கேட்டுவிட்டு, "இதை மட்டும் எடுத்திடுங்க" என்றார். இருளாயி பேசியதைக் கேட்டு மூக்கை உறிஞ்சினார். நல்ல மனிதர்தான் என்று நினைத்தேன். உடனே, "இதைத்தான் அனுப்பணும் டீச்சர். பரிசு நமக்குத்தான்" என்றார்.

முடியாது என்றேன். பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "சின்னப் புள்ளைங்களுக்குக் குடுத்த வாக்குக்கெல்லாம் ஸ்டாம்பு ஒட்டியா வச்சிருக்கு?" என்று சிரித்தார்.

சாயங்காலம் ஈப்போவில் எங்கள் வீட்டில் முருகப்பனைக் கேட்டேன். ஒரு பிள்ளையின் பேச்சைப் பதிந்து வெளியே அனுப்பலாமா, சட்டம் என்ன சொல்கிறது? அவன் சாப்பிட்டுக்கொண்டே, "மைனர் பிள்ளை, ஆச்சி. பெத்தவங்க கையெழுத்து இருந்தா நல்லது. ஆனா, குரலுக்குன்னு தனியா ஒரு செக்ஷன் நான் பார்த்ததில்ல. எங்க லாயர் பார்த்திருந்தா அதுக்கும் பில் போட்டிருப்பாரு" என்றான்.

கையெழுத்து வாங்கலாம். ராக்காயியிடம் போய், எதற்குக் கையெழுத்து என்று சொல்ல வேண்டும். 'உனக்குக் கண் தெரியாது என்று உன் மகள் சொன்னதை ஊருக்கு அனுப்ப அனுமதி கொடு.' நன்றாக இருக்கும்.

கேசட்டை என் அலமாரியில் வைத்தேன். அந்தப் பகுதியை அழித்துவிட்டு மீதியை அனுப்பலாம். அடுத்த வாரம்.

ஏப்ரல் 24, திங்கள்

நேற்று தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா.

கோயிலில் ஒலிபெருக்கி கட்டுகிறவன் ஐயாவு. அவனுடைய ரெக்கார்டர் சனிக்கிழமையே நாடாவைத் தின்றுவிட்டதாம். பெரிய வாத்தியாரிடம் வந்து, "சார், ஸ்கூல் மெஷின் ஒரு நாளைக்குக் குடுங்க, அம்மன் காரியம்லா" என்றிருக்கிறான். அரசாங்கச் சொத்து, ஆனால் அம்மன் அரசாங்கத்தைவிடப் பெரியவள். மெஷினைக் கொடுத்த மனிதர், என் அலமாரியையும் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு கேசட். மேலே அம்மன் படம், கீழே 'அம்மன் பாட்டு' என்று எழுத்து. கூடவே கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலே வேறு எதுவும் எழுதி வைக்காதவள் நான். அழிக்காதவள் நான்.

மதியம் அன்னதானம். பந்தியில் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஜெயபாலனுக்கு எதிரே எனக்கு இலை. முதல் பக்கம் பாட்டு முடிந்தது. ஐயாவு கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சாப்பிட வந்துவிட்டான். நான்கு மரத்தில் நான்கு குழாய். லயத்து வீடுகள் முழுக்க, மேனேஜர் துரை பங்களா வரைக்கும் கேட்கும்.

என் குரல்தான் முதலில் வந்தது. "உண்மையைச் சொல்லுங்க."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். நாயோடு பேசும் அப்பா பந்தியில்தான் இருந்தார், அவரே சிரித்தார். பெரிய வாத்தியார் கால் வைத்துத் தூங்குவது வந்தபோது கூட்டம் கைதட்டியது. நான் அதற்குள் எழுந்து ஓட ஆரம்பித்திருந்தேன். சேலை தடுக்கியது, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்ட வழியில்லை, "டீச்சர், பாயசம் வருது, உக்காருங்க" என்று ஒரு கை பிடித்து இழுத்தது. ஐயோ, விடுங்களேன்யா. விடுங்களேன்.

மெஷின் கிட்டே போய்ச் சேர்ந்தபோது "அப்பறம் தூக்கம் வரும்" என்று வந்தது. எல்லாம் முடிந்த பிறகு பட்டனை அமுக்கினேன். அவ்வளவு சுறுசுறுப்பு எனக்கு.

யாரும் சிரிக்கவில்லை. இருளாயி தண்ணீர்ச் செம்போடு பந்தி நடுவில் நின்றாள். என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ராக்காயி கேட்கவே இல்லை. அவள் கோயிலுக்குப் பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி இஞ்சின் அங்கேதான் ஓடியது, பக்கத்தில் நிற்பவள் பேசினாலே காதில் விழாது. சோற்றுக் கூடையோடு வெளியே வந்தாள். மொத்தப் பந்தியும் அவளையே பார்த்தது. என்னவோ நல்ல சேதி போல என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

ஏப்ரல் 26

கிராணி ஜெயபாலன் பள்ளிக்கே வந்துவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை.

"துரை அந்த டேப்ப கேக்குறாரு டீச்சர். ரெக்கார்டுக்கு வேணுமாம்லா."

எதற்கு என்றேன்.

"சின்னப் புள்ளைய காட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போறது சட்டப்படி குத்தம். கண்ணு தெரியாம வெட்டினா மரமும் கெட்டுப் போவும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

சட்டம்! இந்த மனிதர் தினமும் காலையில் மோட்டார்சைக்கிளில் காட்டைச் சுற்றுகிறார். ஒவ்வொரு மர நிரையிலும் ஒரு பிள்ளை மங்கு துடைக்கிறது. இத்தனை வருடம் அந்தச் சட்டம் எங்கே தூங்கியது? பெரிய வாத்தியாரோடு டெலிவிஷனில் கால் வைத்தா? அவரிடமே கேட்டேன். "மத்ததெல்லாம் டேப்புல இல்லியே டீச்சர்" என்றார். கோபமே படாமல், நியாயம் மாதிரி சொன்னார்.

கேசட் என்னுடையது, காசு கொடுத்து வாங்கியவள் நான் என்றேன். பெத்தபெருமாள் சார் குறுக்கே விழுந்தார்: "மெஷின் கவர்மெண்டுது. அதுல பதிஞ்சதும் கவர்மெண்டுதுதான். குடுத்திருங்க. ஸ்கூல் நிக்கிறதே தோட்டத்து நெலத்துல."

டேப் என்னுடையது, மெஷின் அரசாங்கத்துடையது, நிலம் துரையுடையது. பேசியவள் இருளாயி. அவளுக்கு இதில் என்ன பங்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சத்தமாகக் கேட்கவில்லை.

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 27

வீட்டில், இரண்டாம் பக்கம் முழுவதையும் அழித்தேன். சொன்ன வெள்ளிக்கிழமைக்கு ஏறக்குறைய எட்டு வாரம் தாமதம். வெறுமையாகக் கொடுத்தால் சந்தேகம் வருமே. அதனால் சுற்றறிக்கையை எடுத்துவைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை, தெளிவான உச்சரிப்போடு என் குரலில் பதிந்தேன். 'வகுப்பறையில் நவீனக் கருவிகளின் நன்மைகள்.' துரை நன்றாகக் கேட்கட்டும். மீதி நாடாவுக்கு வாய்ப்பாடு.

பெரிய வீரச்செயல் செய்துவிட்டதாகச் சாயங்காலம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். முருகப்பன்தான் கேட்டான்: "ஆச்சி, தோட்டமே காதால கேட்டிருக்கு. டேப்பு எதுக்கு அவங்களுக்கு?"

மே 12

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ராக்காயியை நிற்க வைத்து, இடது கண்ணை மூடச் சொல்லி, எத்தனை விரல் என்று கேட்டிருக்கிறார். அவள் மூன்று என்று சொல்லியிருக்கிறாள். அவர் விரலே காட்டவில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் நரம்புக் கோளாறு, போன பார்வை வராது, மற்றக் கண்ணையும் கவனிக்க வேண்டும் என்றார்களாம். பால் வெட்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புல்வெட்டு வேலையும் கொடுக்க மாட்டார்களாம், அதுவும் கத்தி பிடிக்கும் வேலையாம். திடீரென்று அவள் உடம்பு மேல் எல்லாருக்கும் அவ்வளவு அக்கறை. வேலை இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடு இல்லை. ஜூன் கடைசி வரை கெடு.

யூனியன்காரரைப் போய்ப் பார்த்தேன். கடிதம் போடுகிறேன் என்றார். கல்வி இலாகாவுக்கு நானே எழுதினேன்: பிள்ளைகளின் குரலைப் பதிவதற்கும் வைத்திருப்பதற்கும் விதிமுறை உண்டா, யார் அனுமதி வேண்டும்?

மே 29

இருளாயி தினமும் பள்ளிக்கு வருகிறாள். இப்போது தூங்குவதில்லை. பேசுவதும் இல்லை. கேள்வி கேட்டால் எழுந்து கரும்பலகையில் பதிலை எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். எல்லாம் சரியான பதில்.

மற்றப் பிள்ளைகளும் மாறிவிட்டார்கள். வாய்மொழிக் கட்டுரை: "நான் காலையில் எழுவேன். பல் துலக்குவேன். இறைவனை வணங்குவேன்." பதினெட்டுப் பேரும். உச்சரிப்பு அப்பழுக்கில்லை.

ஜூன் 30, வெள்ளி

இன்று பள்ளியில் இரண்டு சான்றிதழ்.

ஒன்று ஈப்போவிலிருந்து வந்தது. நவீனக் கருவிகளைப் பயன்படுத்தியதற்கான நற்சான்றிதழ். என் கேசட் இல்லாமல் போனதால் பெத்தபெருமாள் சார், டெலிவிஷனைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அணைந்த டெலிவிஷன். எல்லாரும் அதை ஆர்வமாகப் பார்க்கிறார்கள். இருளாயிகூட ஓர் ஓரத்தில் இருக்கிறாள்.

இன்னொன்று அவளுடைய விலகல் சான்றிதழ். ராக்காயியின் அண்ணன் அப்பாவு ஈப்போ பக்கத்தில் குனோங் ராபாட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறாராம், அங்கே போகிறார்கள். ஒரே பேனாவில் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார் பெரிய வாத்தியார்.

வாசலில் லாரி நின்றது. சாமான் கொஞ்சம்தான். நான் இருளாயி பக்கத்தில் போய் நின்றேன். என்னை மன்னிச்சிடு என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசினாள்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க டீச்சர்."

அவ்வளவுதான். லாரியில் ஏறிவிட்டாள்.

நவம்பர் 8

என் மே மாதக் கடிதத்துக்கு இலாகாவிலிருந்து பதில் வந்துவிட்டது: டெலிவிஷனை ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.

1986 ஆகஸ்ட் 14, வியாழன்

பழைய நோட்டைத் தேடி எடுத்து, மீதமிருந்த தாள்களில் எழுதுகிறேன்.

இப்போது ஈப்போவில் பெரிய பள்ளி. மின்விசிறி, ஒழுகாத கூரை எல்லாம் உண்டு. போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது, நன்கொடை. 'கருவிகளில் அனுபவமுள்ளவர்' என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என் அனுபவத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? முதல் வேலை, எல்லாப் பிள்ளைகளின் விவரத்தையும் அதில் ஏற்றுவது. பாரத்தில் ஒரு கட்டம்: 'பெற்றோர் தொழில்.' அடுத்தது: 'குடும்பத்தில் நோய், குறைபாடு ஏதேனும்.' யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ளேயே பத்திரமா இருக்கும் டீச்சர்" என்றார் இங்குள்ள தலைமையாசிரியர். வீட்டிலிருந்து நிரப்பி வந்த பாரங்களை என் அலமாரியில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் 'இல்லை' என்று நானே போட்டுவிட்டேன். இப்படி ஒரு ஆரோக்கியமான வகுப்பு மலேசியாவிலேயே கிடையாது.

அதை எழுத நோட்டை எடுக்கவில்லை.

இன்று மதியம் குனோங் ராபாட் பஸ் நிற்கும் இடத்தில் ஓர் அம்மா, "குரல் செட்டியார் வீட்டு டீச்சர் மாதிரி இருக்கே" என்றாள். தோட்டத்தில் என்னை அப்படித்தான் சொல்வார்கள். கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் ராக்காயி. இரண்டு கண்ணும் போய்விட்டது. கையில் கம்பு. அவள்தான் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

இருளாயி எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை செய்கிறாளாம். நாள் முழுக்க பூதக்கண்ணாடி வைத்து, மயிர் மாதிரி கம்பியை ஒட்டுகிற வேலை. "கண்ணு வலிக்குதான்னு கேட்டா இல்லம்பா. எதக் கேட்டாலும் இல்லம்பா" என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி,

"டீச்சர், அந்த டேப்பு இருக்கா?"

இல்லை என்றேன். அழித்துவிட்டேன் என்றேன்.

"ஓ." முகம் விழுந்துவிட்டது. "ஒரு தடவ கேக்கலாம்னு நெனச்சேன். தோட்டமே கேட்டுச்சு, நான் ஒருத்திதான் கேக்கல. ஒன் கண்ணப் பத்தி ஒன் மகளே போட்டுக் குடுத்துட்டான்னு சொன்னாங்களே ஒழிய, என்ன சொன்னான்னு ஒருத்தரும் சொல்லல லா. அவகிட்ட கேட்டா எந்திரிச்சுப் போயிருவா. எட்டு வருசமா எனக்கு அவ மேல ஒரு வருத்தம் டீச்சர். பெத்த மகளாச்சே, எதுக்குச் சொன்னா?"

எட்டு வருடம். அவர்கள் இழந்ததாக நான் நினைத்ததெல்லாம் வேலையும் வீடும்தான். இது எனக்குத் தெரியவே தெரியாது.

டேப்பை அழித்தேனே தவிர, இந்த நோட்டை அழிக்கவில்லை. எத்தனை முறை படித்திருப்பேன்! அங்கேயே, அந்தச் சத்தத்தில், அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். நாலு மணிக்கு எந்திரிப்பேன். நான்தான் லைட்டு பிடிப்பேன். எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. தனியா படுத்திருக்கப் பயமா இருக்கும்மா, நானும் வாரேன்னு சொல்லித்தான் கூடப் போறேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்.

யார் அனுமதியும் கேட்கவில்லை. இந்த முறையும் கேட்கவில்லை.

ராக்காயி கம்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அவளுக்குப் பயமே இல்லியா?"

இல்லை என்றேன்.

"இருட்டுன்னா புள்ள பயப்படுறாளேன்னு நான் தெனமும் பாட்டுப் பாடிக்கிட்டே நடப்பேன் டீச்சர்."

பேக்டரி பஸ் வந்தது. நீல உடுப்பில் பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் இருளாயி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அம்மா கையை நீட்டினாள். மகள் வந்து பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். இருவரும் மலையடிவாரப் பக்கம் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ராக்காயி ஏதோ பாட ஆரம்பித்தாள். இருளாயி சட்டென்று நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

நான் நாளை வெள்ளிக்கிழமை, அலமாரியில் இருக்கும் அந்தப் பாரங்களைக் கிழித்துவிடப் போகிறேன்.